மாடிக்கு ஒரு பைப்பு: எங்கள் வீட்டு சோலார், ஒரு வருஷம் கழித்து

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3.24 கிலோவாட் சோலார் ஓட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. தெருவில் நாலு பேர், நான் வேலை பார்த்த ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையின் பழைய தோழிகள் ஏழெட்டுப் பேர், ஊரிலிருந்து விசேஷத்துக்கு வந்தவர்கள் என எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். போடலாமா, எவ்வளவு ஆச்சு, யாரிடம் போட்டீர்கள்? தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்களிடம் நான் பார்த்த குறை வேறு யாரிடமும் இருக்கலாம். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், பெயர் தேவைப்படாது.

போடலாமா என்றால், போடலாம். பேனலும் இன்வெர்ட்டரும் சொன்ன வேலையைச் செய்கின்றன. நான் பட்ட பாடெல்லாம் வீட்டால் வந்தது. ஆறே வருஷத்துக்கு முன் ஆசை ஆசையாகக் கட்டின வீடு, சோலாருக்கு ஒரு விதத்திலும் தயாராக இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தூரவாணி நகர் ஐ.டி.ஐ.யில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். கடைசிப் பன்னிரண்டு வருஷம் டெஸ்டிங் செக்‌ஷன். 2018ல் ரிட்டயர் ஆனேன். பி.எஃப். பணத்தைப் போட்டு அடுத்த வருஷமே இந்தத் தர்ட்டி ஃபார்ட்டி (முப்பதுக்கு நாற்பது அடி) சைட்டில் கீழே ஒரு வீடு, மேலே வாடகைக்கு ஒரு வீடு என்று கட்டினேன். கீழே நானும் அம்மாவும்.

அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது வருஷம் விறகடுப்பை ஊதின நுரையீரல். 2024 ஜூனில் டாக்டர் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைக்கச் சொல்லிவிட்டார். ஐந்து லிட்டர் மெஷின், 350 வாட். ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் ஓடுகிறது. அதற்கு மட்டுமே தினம் ஆறு யூனிட்டுக்கு மேல். அதுவரை மாதம் நூற்றிருபது யூனிட்டுக்குள் இருந்த வீடு முந்நூறைத் தாண்டியது.

கர்நாடகாவில் 2023லிருந்து வீடுகளுக்கு இலவசக் கரண்ட் தரும் கிருஹ ஜோதி திட்டம் இருக்கிறது. 200 யூனிட்டுக்குள் இருந்தால்தான் சலுகை. தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும். அதுவரை பில் என்றால் பூஜ்யம் என்று இருந்த எங்களுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டி வர ஆரம்பித்தது. பென்ஷனில் அது பெரிய ஓட்டை. பணத்தைவிட இன்னொன்று என்னை வருத்தியது. அம்மா நான் பில்லைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மதியத்துல நிறுத்திடுடி, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு ராத்திரியே சோலாருக்கு மனு போட்டேன்.

மனு போடுவது சுலபம். பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. அரசு இணையதளத்தில் நம் ஆர்.ஆர். நம்பரை (மின் இணைப்பு எண்) போட்டு, பதிவு பெற்ற நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் 78,000 ரூபாய் மானியம். இந்தியாவில் செய்த சோலார் செல்லும் பேனலுமாக இருக்க வேண்டும். பத்து கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே மனு ஏற்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்று அதே மாதம் மத்திய அரசு விதியைத் திருத்தியிருந்தது. அதனால் அனுமதியில் எனக்குத் தாமதம் ஏதும் இல்லை. ஆட்கள் வந்து வேலை செய்வதில்தான் தாமதம். பதினைந்து நாளில் முடித்துத் தருவோம் என்று விற்க வந்த தம்பி சொன்னார். முடிய ஐம்பத்திரண்டு நாள் ஆனது.

முதல் தகராறு நிழலில். அவர்கள் மாடிக்கு ஏறவே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் வீட்டைப் பார்த்து, ஆறு பேனலை அதன் மேல் ஒட்டி, வரைபடம் அனுப்பிவிட்டார்கள். பார்த்தால் அழகாக இருந்தது. ஆனால் எங்கள் மாடியில் தெற்குப் பக்கம் படிக்கட்டு ஹெட்ரூம் இருக்கிறது. அதன் மேல் ஸ்டாண்டு போட்டு ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அவர்கள் வரைந்திருந்தது அதற்கு நேர் வடக்கே.

பெங்களூர் பதின்மூன்று டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் பதினெட்டை ஒட்டியும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். உச்சி வேளையிலேயே ஐம்பத்து மூன்று டிகிரி உயரம்தான். அப்போது பன்னிரண்டு அடி உயரமுள்ள ஒன்று வடக்கே ஒன்பதடிக்கு நிழல் போடும். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் இன்னும் நீளம். ஆறு பேனலும் வரிசையாக ஒரே சங்கிலியில் மாட்டுவது. ஒன்றின் மேல் தொட்டி நிழல் விழுந்தால் அந்த ஒன்றோடு நஷ்டம் நிற்காமல் மற்றவையும் சேர்ந்து இறங்கும் வாய்ப்பு உண்டு.

நான் ஜனவரி மாத வெயிலில் ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கு மாடிக்கு ஏறி, நிழல் விழும் கோட்டைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். அதன் பிறகுதான் ஒரு பொறியாளர் நேரில் வந்தார். வரைபடம் மாறியது. மூன்று மூன்றாக இரண்டு வரிசை, மாடியின் வடகிழக்கு மூலைக்குத் தள்ளி, எட்டடி உயரத் தூண் மேல். அடியில் துணி காயப்போட இடம் கிடைத்தது. தூணுக்குத் தளத்தைத் துளைக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். ஒழுகல் வந்தால் யாரும் திரும்பி வரமாட்டார்கள். காங்கிரீட் பீடம் வார்த்து அதில் போல்ட் பதித்தார்கள். உயரத்துக்கும் பீடத்துக்கும் கூடுதல் பணம். மொத்தம் 2,15,000 ரூபாய்.

நீங்கள் போடுவதாக இருந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். மாடிக்கு ஏறாமல் விலை சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வேலைக்கு வந்த பையன்கள் மூன்று பேர். இருவர் கிருஷ்ணகிரி, ஒருவர் ராய்ச்சூர். நல்ல உழைப்பாளிகள். ஒரு பேனல் இருபத்தெட்டு கிலோவுக்கு மேல், ஏழரை அடி நீளம். படிக்கட்டில் திருப்ப இடமில்லை என்று கயிறு கட்டித் தெருவிலிருந்து தூக்கினார்கள். ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் டீ கொண்டு மேலே போனேன். பேனலையும் கேபிளையும் இணைக்கும் எம்.சி.ஃபோர் கனெக்டரை ஒரு தம்பி, அதற்கென்றே இருக்கும் கிரிம்பிங் டூல் இல்லாமல், கட்டிங் பிளையரால் அழுத்திக்கொண்டிருந்தார். கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் பின் ஒரு பக்கமாகத் தட்டையாகி இருந்தது. கம்பியைப் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"தம்பி, கிரிம்பிங் டூல் எங்க?"

"வேற சைட்ல இருக்கும்மா. இதுவும் நல்லாத்தான் பிடிக்கும்."

"பிடிக்கல பாரு. கையோட வந்துடுச்சு."

பன்னிரண்டு வருஷம் நான் பார்த்த வேலையே இதுதான். தளர்ந்த இணைப்பு முதல் நாள் நன்றாக வேலை செய்யும். வெயிலில் விரிந்து, ராத்திரி சுருங்கி, ஆறு மாதத்தில் சூடாக ஆரம்பிக்கும். மேலே ஓடுவது இருநூற்று ஐம்பது வோல்ட் டி.சி. நம் வீட்டு ஏ.சி. கரண்ட் விநாடிக்கு நூறு தடவை சூனியத்தைத் தொட்டுவிட்டு வரும். பொறி வந்தாலும் அணைய வழி உண்டு. டி.சி.க்கு அந்த இடைவெளி கிடையாது. பொறி பிடித்தால் பிடித்ததுதான். கீழே ஆக்சிஜன் ஓடும் வீடு இது. அந்தத் தம்பியைத் திட்ட மனம் வரவில்லை. கருவி கொடுக்காமல் வேலைக்கு அனுப்பியது அவர் குற்றமில்லையே. அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, டூல் வரும்வரை வேலை நிற்கட்டும் என்றேன். மறுநாள் காலை வந்தது. போட்டவை எல்லாவற்றையும் வெட்டிப் புதிதாகப் போட்டு, ஒவ்வொன்றையும் நானே இழுத்துப் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் நடந்ததுதான் இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

சோலாருக்கு மூன்று எர்த் குழி தோண்ட வேண்டும். பேனலுக்கும் தூணுக்கும் ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. வீட்டு எர்த் எப்படி இருக்கிறது என்று பார்க்க மூத்த தம்பி ஒரு டெஸ்ட் லேம்ப் எடுத்துக்கொண்டு அம்மா அறைக்கு வந்தார். ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான் அந்தக் கருவி. மூன்று ஓட்டை பிளக்கில் ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை எடுத்து மேலே இருக்கும் பெரிய எர்த் ஓட்டையில் வைத்தார். எரியவில்லை. வயரை மாற்றி வைத்தார். எரியவில்லை. ஹால், சமையலறை, கீஸர் பாயிண்ட் என்று வீடு முழுக்கச் சுற்றி வந்தார்.

"அம்மா, உங்க வீட்டுல எர்த்தே வரலம்மா."

மீட்டர் போர்டைக் கழற்றினோம். பின்னால் பச்சை வயர்கள் ஒரு கொத்தாக வந்து, அழகாகச் சுருட்டி, கறுப்பு டேப் சுற்றி, சுவருக்குள் செருகப்பட்டிருந்தன. அத்தோடு முடிந்தது. மண்ணுக்குள் எதுவும் போகவில்லை. ஆறு வருஷம் கிரைண்டர், வாஷிங் மெஷின், கீஸர், அதன் மேல் ஆறேழு மாதமாக அம்மாவின் மெஷின், எல்லாம் அந்தப் பச்சைக் கொத்தை நம்பி ஓடியிருக்கின்றன. எதிலாவது கசிவு வந்திருந்தால் அதன் உலோக உடம்பைத் தொட்டவர் வழியாகத்தான் கரண்ட் மண்ணுக்குப் போயிருக்கும்.

அலமாரியைக் கிளறி 2019ல் கரண்ட் இணைப்பு வாங்கக் கொடுத்த தாள்களை எடுத்தேன். வயரிங் முடித்த சான்று, லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. எர்த் ரெசிஸ்டன்ஸ் என்ற இடத்தில் ஒரு எண்ணும் எழுதியிருந்தது. குழியே தோண்டாத எர்த்துக்கு அளவு! நான் ஒரு டெஸ்டர். என் கையெழுத்துக்குக் கீழே அளக்காத எண் ஒன்றுகூடப் போனதில்லை. ஆனால் என் வீட்டுத் தாளை நான் வாங்கி வாசிக்காமல் ஃபைலில் போட்டிருக்கிறேன். கிரகப்பிரவேச அவசரம்.

தம்பிகள் தங்கமான வேலை செய்தார்கள். முன்பக்க மூன்றடி இடத்தில் செம்புப் பூச்சுக் கம்பி இறக்கி, களிமண் கலவை கொட்டி, வீட்டுக்கென்று தனிக் குழியும் போட்டார்கள். பச்சைக் கொத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் லக் அடித்து, எர்த் பாரில் முடுக்கினார்கள். எர்த் டெஸ்டர் வைத்து என் கண் முன்னால் அளந்ததில் 3.2 ஓம் வந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டும். அம்மா அறை லைனுக்கு முப்பது மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் கரண்டை வெட்டிவிடும் ஸ்விட்ச்) ஒன்றும் போட்டேன். இந்த எர்த் வேலைக்கு மட்டும் 6,000 ரூபாய். அன்றைக்குத்தான் அம்மா அறையில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்து பைப்பு. மாடியிலிருந்து மீட்டர் போர்டுக்குக் கேபிள் இறக்க வேண்டும். சுவருக்குள் வழியே இல்லை. டி.வி.க்கும் இன்டர்நெட்டுக்கும் போட்ட முக்கால் அங்குலப் பைப்பில் ஏற்கெனவே வயர் அடைத்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் வீட்டின் முகப்பிலேயே சாடில் அடித்து, முப்பத்து நாலு அடிக்குப் பைப்பு இறக்கினோம். பால்கனி சஜ்ஜாவை இரண்டு இடத்தில் துளைக்க வேண்டியிருந்தது. கீழே போர்டு பெட்டியில் ஒரு பிரேக்கர் வைக்கவும் இடமில்லாமல் பக்கத்தில் இன்னொரு பெட்டி; அதற்குச் சுவரில் காடி எடுத்து, பூசி, பெயின்ட் அடித்தது. இதற்கெல்லாம் 9,500 ரூபாய். வீடு கட்டும்போதே சுவருக்குள் ஒன்றேகால் அங்குலப் பைப்பு நாலு லென்த் வைத்திருந்தால் அறுநூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே மாடியில் இருநூறு லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரும் இருக்கிறது. அதற்கு மட்டும் மாடியிலிருந்து பாத்ரூம் வரை வெந்நீர்ப் பைப்பு சுவருக்குள்ளேயே ஒழுங்காக இறங்கியிருக்கிறது. மேஸ்திரிக்கு யாரும் நினைவூட்டவில்லை. ஏன் வைத்தார்? 2007ல் கர்நாடக அரசு, நகர எல்லைக்குள் 600 சதுர அடிக்கு மேல் கட்டும் வீட்டுக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் கட்டாயம் என்று சொன்னது. கரண்ட் இணைப்போடு அதைக் கட்டிப் போட்டார்கள். பில்லில் யூனிட்டுக்கு ஐம்பது பைசா, மாதம் ஐம்பது ரூபாய் வரை தள்ளுபடியும் கொடுத்தார்கள். சில வருஷத்தில் அது மேஸ்திரிகளின் கைப்பழக்கம் ஆகிவிட்டது. பெங்களூரில் எந்த மாடியில் நின்று பார்த்தாலும் வரிசையாகத் தெரியும் அந்தக் குழாய்களும் உருளைத் தொட்டிகளும் ஒரு விதி செய்த வேலை. வெந்நீருக்குச் செய்ததைக் கரண்டுக்குச் செய்ய எவ்வளவு நேரமாகும்?

2023ல் என் தங்கை மகள் வீட்டுக்கு, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊருக்கு, போயிருந்தேன். 2016ல் லேஅவுட்டாகக் கட்டின வீடு. பழக்க தோஷத்தில் வெளிச்சுவரில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிரேக்கர் வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு பட்டை ஒட்டி, இது வருங்கால சோலார் மின்சாரத்துக்கு என்று அச்சடித்திருந்தார்கள். "என்னம்மா இது?" என்றேன். "ரூல் பெரியம்மா. பில்டர் விட்டே ஆகணும். கூரையிலயும் இடம் விட்டிருக்காங்க" என்றாள். அங்கே 2014லிருந்தே இப்படிக் கட்டும் லேஅவுட் வீடுகளுக்கு, கூரையில் 250 சதுர அடி தடங்கலில்லாமல் விட வேண்டும், அதன் மேல் புகைபோக்கி நிழல்கூட விழக் கூடாது, கேபிள் இறங்கும் வழியை வரைபடத்தில் காட்ட வேண்டும், போர்டில் இடம் ஒதுக்கிப் பெயர் எழுத வேண்டும் என்று விதி. 2020லிருந்து புது வீடுகளுக்கு சோலார் பேனலே கட்டாயமாகிவிட்டது. முதலில் வீட்டைத் தயார் பண்ணச் சொன்னார்கள், ஆறு வருஷம் கழித்துப் பேனலைப் போடச் சொன்னார்கள். அந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. பேனல் இப்போது வாங்க முடியாதவரும் பைப்பு வைக்கலாமே.

நம்மிடம் விதியே இல்லையா என்றால், இருக்கிறது, பெரிய கட்டடத்துக்கு. 2017ன் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரையில் ஒரு பகுதியை நிழலும் தடங்கலும் இல்லாமல் சோலாருக்கு என்று ஒதுக்கச் சொன்னது. ஆனால் அது நூறு கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புள்ள வணிகக் கட்டடங்களுக்கு. வீடுகளுக்கென்று 2018ல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் கட்டுவதற்கு. எங்கள் தர்ட்டி ஃபார்ட்டி எவ்வளவு? 111 சதுர மீட்டர். பெங்களூரில் நம்மைப் போன்றவர்கள் கட்டுவது டுவென்டி தர்ட்டி, தர்ட்டி ஃபார்ட்டிதான். ராமமூர்த்தி நகர், கே.ஆர். புரம், பானசவாடி, லிங்கராஜபுரம் என்று நம் ஜனங்கள் நிறைந்த பேட்டைகளெல்லாம் அந்த விதிகளுக்கு வெளியே நிற்கின்றன.

பழைய மாநகராட்சி போய், 2025 செப்டம்பரிலிருந்து ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. எங்கள் பேட்டை இப்போது கிழக்கு மாநகராட்சி. புது வீடு, புது நிர்வாகம் என்று இருக்கும் இந்தச் சமயத்தில் பிளான் அனுமதிக்கும் தாளில் இந்த நாலு வரியைச் சேர்க்க வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன். மாடியிலிருந்து மீட்டர் வரை ஒரு காலிப் பைப்பு. போர்டில் பெயர் எழுதி ஒதுக்கின இடம். தொட்டியையும் ஹெட்ரூமையும் முடிந்தவரை வடக்கே தள்ளுவது. இணைப்புக் கொடுப்பதற்கு முன் எர்த்தை நேரில் வந்து அளந்து, அளந்தவர் கையெழுத்துப் போடுவது. நாலாவதை முதலாவதாக வைத்தாலும் சரி. கட்டின வீட்டில் குடியேறலாம் என்ற சான்று (ஓ.சி.) இருந்தால்தான் கரண்ட் இணைப்பு என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்தச் சான்றுக்கு இந்த ஊரே எப்படி அலைந்தது என்று பார்த்தோம். அந்த வாசலில் வைக்கிற நிபந்தனைக்கு மதிப்பு உண்டு. அங்கே இன்னொரு தாளைக் கேட்காமல் ஒரு டெஸ்ட் லேம்பைக் கொண்டு வந்தால் எத்தனை வீட்டுப் பச்சை வயர் வெளியே வரும்!

மாடி வீட்டில் குடியிருக்கும் பையன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கவிட்டு சார்ஜ் போடுகிறார். மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019லேயே பார்க்கிங்கில் இருபது சதவீதம் சார்ஜ் வசதிக்கு என்று சேர்த்தாகிவிட்டது. ஒரே ஒரு ஸ்கூட்டர் நிற்கும் வாசலுக்கு அது எப்போது வரும்? அவருக்கு நானே ஒரு பதினாறு ஆம்பியர் பாயிண்ட் எர்த்தோடு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சரி, கணக்கு. 2025 மார்ச் பத்தாம் தேதி, நாம் எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் அளக்கும் இருவழி மீட்டர் மாட்டி ஓட ஆரம்பித்தது. மானியம் 78,000 ரூபாயும் ஒரு பைசா குறையாமல் என் கணக்கில் விழுந்தது. யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. பிப்ரவரி கடைசி வரை 4,260 யூனிட். ஏப்ரலில் தினம் பதினாலரை வரை வந்தது. ஜூலை மேகத்தில் ஒன்பது. டிசம்பரில் மாலை மூன்றரைக்குத் தொட்டி நிழல் ஓரப் பேனலைத் தொடுகிறது, அப்படியும் பதினொன்றரை. வெயில் மாதங்களில் பில் ஐந்நூறு, அறுநூறு. அது நிலைக் கட்டணம், எவ்வளவு உற்பத்தி செய்தாலும் போகாது. மழை மாதத்தில் ஆயிரம் வரை. சராசரியாக மாதம் இரண்டாயிரம் மிச்சம். மானியம் போக, எர்த், பைப்பு செலவும் சேர்த்து என் கையிலிருந்து போனது 1,52,500 ரூபாய். ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும் திரும்பி வர.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். இதை விற்க வருகிறவர் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் நம் வீட்டுக் கரண்டால் சாகக் கூடாது. அதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். சரியான ஏற்பாடு. ஆனால் நம் வீட்டில் மெஷின் ஓட வேண்டுமென்றால் தனியாக யு.பி.எஸ்., பேட்டரி வேண்டும். நான் வைத்திருக்கிறேன், ஒரு சிலிண்டரும் கூடவே. பேனலை வாரம் ஒரு தடவை விடிகாலையில், சூடேறும் முன், வெறும் தண்ணீரும் துடைப்பமும் வைத்துக் கழுவுகிறேன். கழுவாத வாரம் அரை யூனிட் குறைகிறது.

அம்மா மதியத்தில் மெஷினை நிறுத்தச் சொல்வதில்லை. மத்தியானம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இப்ப ஓடுறது நம்மளுது தானடி?" என்று கேட்பாள். நம்முடையதுதான்.

போன மாதம் எதிர் சைட்டில் ஆம்பூர்க்காரத் தம்பதி வீடு கட்ட, முதல் தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காங்கிரீட். போய் நின்றேன். அந்தப் பெண்ணிடம் சொன்னேன், அவள் கணவரைக் கூப்பிட்டாள், கணவர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி, "பிளான்ல இல்லையேக்கா" என்றார். "பிளான்ல இல்லப்பா. ஹார்டுவேர் கடை திறந்திருக்கு" என்றேன். பையன் ஒருவன் சைக்கிளில் போய் நாலு லென்த் வாங்கி வந்தான். தளத்தின் வழியாக மேலே நீட்டி, உள்ளே ஓர் இழுவைக் கம்பியும் விட்டு, வாயைச் சிமென்ட் சாக்குத் துண்டால் அடைத்துக் கட்டினார்கள். அரை மணி நேர வேலை.

எங்களுக்குப் போட்ட நிறுவனத்துக்கு என் மதிப்பெண்: பேனல், இன்வெர்ட்டருக்கு ஐந்துக்கு ஐந்து. வேலைக்கு வந்த தம்பிகளுக்கு நாலரை. அளவெடுத்தது, கருவி கொடுத்தது, சொன்ன நாள் மூன்றுக்கும் சேர்த்து இரண்டு. எந்த வயர் எங்கே போகிறது என்று காட்டும் இறுதி வரைபடத்தையும் மூன்று குழிகளின் எர்த் அளவையும் கையெழுத்தோடு தருகிறோம் என்று பதினொரு மாதமாகச் சொல்கிறார்கள். வந்ததும் அந்த இரண்டை மாற்றி எழுதுகிறேன்.